ஆளுக்கொரு மாத்திரை

போன வாரம் பாபநாசத்தில் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். கொடைக்கானல் போவதாக வீட்டில் முடிவாகியிருந்தது; மலைப்பாதை என்றாலே என் மனைவிக்குக் குமட்டும். வாந்தி வராமலிருக்க மாத்திரை கேட்டேன். கடைப் பெண் அட்டையை எடுக்காமல், "உங்களுக்கா சார்? வண்டி ஓட்டுறது நீங்களா?" என்றாள். மனைவிக்கு என்றேன். "அவங்க வேற மாத்திரை ஏதாச்சும் போடுறாங்களா? சளிக்கு, அலர்ஜிக்கு?" பின்னால் நின்றவர் பொறுமையிழந்து செருமினார். எனக்கோ கோபம் வரவில்லை. இதே கேள்விக்கு ஒரு மத்தியான வெயிலில் எங்கள் குடும்பம் மொத்தமும் வரிசையாக நின்று பதில் சொல்லியிருக்கிறோம்.

என் அக்கா ஜமீலாவுக்கு டீசல் புகை மூக்கில் ஏறினால் போதும். கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டுத் தாராசுரத்தில் இறங்கி, மிச்சத் தூரம் நடப்பாள். தன் கல்யாணப் புடவை எடுக்கவே அப்படித்தான் போனாள். மச்சான் ஷார்ஜாவில் இருந்தார். வீட்டுக்கு வீடு ஆண்கள் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சில வருடக் காத்திருப்புக்குப் பிறகு அக்காவுக்கும் விசா வந்தது. பிறந்த ஊரை விட்டுப் போவதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "பிளேன்ல நடுவுல எறங்க முடியாதாமேடா?" என்பதுதான் அவள் பயம்.

சென்னையில் சாயங்கால விமானம். விடிந்ததும் வேனில் கிளம்பினோம். அத்தா, அம்மா, பக்கத்து வீட்டு சல்மா மாமி, இன்னும் ஒரு வேன் கொள்ளும் உறவு. நான் பி.காம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். என் படிப்புக்கேற்ற பொறுப்பாகப் பிளாஸ்டிக் பைகளை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

வேனில் கால் வைக்கும்போதுதான் அக்கா ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். அது வேலை செய்ய நேரம் வேண்டாமா? அணைக்கரைப் பாலம் வருவதற்குள் என் பைக்கு வேலை வந்துவிட்டது. "மாத்திரையும் சேந்து வெளிய போயிருக்கும்" என்று அம்மா இன்னொன்று கொடுத்தாள். வடலூர் தாண்டி அக்கா மூக்கை உறிஞ்சினாள். அழுகையாகத்தான் இருந்திருக்கும். மாமி அதைச் சளி என்று நினைத்துத் தன் பையிலிருந்து சளி மாத்திரை ஒன்றை எடுத்துத் தந்தார். பண்ருட்டியில் அத்தா ஒரு பலாப்பழம் வாங்கி வண்டியில் ஏற்றினார். பழுத்த பழம். வேன் முழுக்க வாசனை. அக்கா முனகினாள், மாமியின் பை மறுபடியும் திறந்தது. இம்முறை வாந்தி மாத்திரை. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

அதன்பின் அக்கா தூங்கினாள். எங்களுக்கு நிம்மதி. "எழுப்பாதீங்க, நல்லாத் தூங்கட்டும்" என்று ரேடியோவைக்கூட நிறுத்தச் சொன்னார் அத்தா.

திண்டிவனத்தில் சாப்பிட நிறுத்தியபோது அவளை எழுப்ப முடியவில்லை. உலுக்கினோம். பாதிக் கண்ணைத் திறந்து, அம்மாவைப் பார்த்து, குழறலாக "யாரு?" என்றாள். தலை தொங்கிவிட்டது. அம்மா போட்ட சத்தத்தில் ஹோட்டலே வெளியே வந்தது.

யாரோ வழிகாட்ட, பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா நாடி பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "என்ன மாத்திரை குடுத்தீங்க? எப்ப குடுத்தீங்க?" என்றார்.

"நான் ஒண்ணுதாங்க குடுத்தேன்" என்றாள் அம்மா.

"நானும் வாந்திக்கு ஒண்ணுதான்... சளிக்கு ஒண்ணு" என்றார் மாமி.

அக்கா தானாகப் போட்டதை நான் சொன்னேன். சொல்லச் சொல்ல எங்களுக்கே அது ஒரு கூட்டுச் சதிபோலக் கேட்டது.

"ரெண்டுமே தூக்கம் வர்ற மாத்திரை. சேத்துக் குடுக்கக் கூடாதும்மா. ஒண்ணு போட்டா அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் விடணும்னு கேட்டுத்தான் குடுக்கணும்."

"கடுங்காபி குடுத்தா முழிச்சுக்குவாளா?" என்று அத்தா கேட்டார்.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. நான் பாத்துக்கறேன்."

பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் அக்காவின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். விமானத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் கடந்துபோயிற்று. பொழுது சாயும் நேரத்தில் அவள் கண் விழித்து, கட்டிலையும் எங்களையும் பார்த்து, "பிளேன் ஏறிட்டோமா?" என்றாள். மாமி சிரித்துவிட்டார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை மாத்திரை அக்காவின் கைப்பையில் மட்டும். எங்கள் ஊர் டாக்டரிடம் கேட்டு வந்து, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒன்றைப் போட்டுக்கொண்டாள். வயிறு முட்டச் சாப்பிடவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூரத்துச் சாலையையே பார்த்தபடி வந்தாள். "மாமி, ஒங்க பையைத் தொறந்தீங்கன்னா நான் எறங்கிருவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அணைக்கரை போயிற்று. பண்ருட்டி போயிற்று. பைகள் என் மடியில் மடித்தபடியே இருந்தன. மீனம்பாக்கத்தில் அக்கா முகம் கழுவிக்கொண்டு, எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனாள்.

இப்போது அவள் திருச்சியிலிருந்தே பறக்கிறாள். போனில் அழைத்தால் கார் வாசலுக்கு வருகிறது. தனியாக ஏறிப் போய்விடுகிறாள். வழியனுப்புவது வீட்டு கேட்டோடு முடிந்துவிடுகிறது. அன்று நாங்கள் சென்னையிலிருந்து திரும்பும்போது, கால் நீட்ட இடமில்லாத அந்த வேனில் முன் இருக்கையை யாரும் கேட்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை அது காலியாகவே இருந்தது.