காசியம்மாளின் நாலாவது பிள்ளை

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கையில், வேடியப்பன் வகையறாவின் பானைகள் அவருடைய மகன்கள் பிறந்த வரிசைப்படிதான் அடுப்பேறும். கடைசி இடம் பழனிக்கு. பழனி இறந்த மறு வருஷம் அவர் மகன் காசிநாதன் அந்த இடத்தில் கல்லைக் கூட்டினபோது, பெரியப்பா மகன் ஆதிமூலம் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டார்.

“இன்னாண்ணே இது?”

“உங்கப்பன் எங்க ஆயா வவுத்துப் புள்ளயாடா? எங்கியோ பொறந்து பத்தரத்துல வந்து ஒட்டிக்கினாரு. பானைய அந்தாண்ட வையி.”

சுற்றி நின்ற பங்காளிகளில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் காசிநாதனைச் சுட்டது. பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

கள்ளக்குறிச்சிக்குப் போய், வேடியப்பன் இறந்த வருஷம், 1956இல், எழுதின பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு நகல் வாங்கினார். வேடியப்பனுக்கும் மனைவி காசியம்மாளுக்கும் பிறந்த மக்கள் நால்வர் என்றிருந்தது. கடைசிப் பெயர், மைனர் பழனி. கீழே காசியம்மாளின் கைரேகை.

“இத அவரு மூஞ்சியில விசிறிட்டு வரேன்” என்றார் மனைவி கண்ணகியிடம்.

கண்ணகி மாமனாரின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்து நீட்டினாள். பழனியின் காதுகுத்துப் பத்திரிகை. தாய்மாமன், கச்சிராயபாளையம் வீரமுத்து.

“உங்க ஆயாவுக்குப் பொறந்த வூடு ரிஷிவந்தியம். கச்சிராயபாளையத்துல ஏது அண்ணன் தம்பி?”

காது குத்தும்போது பிள்ளை தாயின் உடன்பிறந்தவன் மடியில்தான் உட்காரும். அவன் உயிரோடு இருக்கையில் அந்த மடிக்கு மாற்று கிடையாது. விசிற இருந்த கை இறங்கிவிட்டது.

மறுநாள் ரிஷிவந்தியம் போனார். பழனியின் மூத்த அக்காள் லட்சுமியம்மாள் தாய்மாமன் வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டு அங்கிருந்தாள்.

“வீரமுத்து மாமனா? உங்கப்பனப் பெத்த குஞ்சம்மா சின்னம்மாவோட அண்ணன்டா” என்றாள், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல. “எங்கப்பா வெள்ளிமலைக்கி சாமை அறுக்கப் போன எடத்துல, அங்க அறுப்புக்கு வந்திருந்த அதக் கட்டிக்கினு வந்தாரு. எங்கம்மா ஒரு மாசம் மூஞ்சக் காட்டல. அப்புறம் ரெண்டு பேரும் ஒரு தட்டுல தின்னாங்க. உங்கப்பனப் பெத்த ஒடம்பு தேறாமலே சின்னம்மா செத்துப் பூட்டுது.”

“அப்போ பத்தரம்?”

“அப்பா செத்ததும், தாலி கட்டுனத யாரு பாத்தா, சின்னம்மா புள்ளைக்கிப் பங்கு இல்லன்னாரு சித்தப்பா. நாலும் நான் பெத்ததுதான்னு சொல்லி ரேகைய வச்சிடுச்சி அம்மா.”

“காதுகுத்துல மட்டும் ஏன் அத்தை மறைக்கல?”

“எங்கம்மா கூடப் பொறந்த மாமன் சீர்த் தட்டோட வாசல்ல வந்து நிக்கிறாரு. அம்மா வேணாம்னுடுச்சி. ‘பொய் சொன்னது நெலத்துக்கு. செத்தவளுக்கு மிச்சம் இந்த ஒரு மடிதான். அதயும் நான் எடுத்துக்கினா அவ பெத்ததுக்கு இன்னா அடையாளம்?’னுச்சி. ஆள் அனுப்பி வீரமுத்து மாமனக் கூட்டியாந்துது. எங்க மாமன் ரெண்டு வருசம் எங்க வூட்டுப் பக்கம் வரல.”

திரும்பும் பஸ்ஸில் காசிநாதன் தான் அறிந்த காசியம்மாளை நினைத்துப் பார்த்தார். வரப்போரம் ஒரு கரும்பு ஒடிந்தால் ஊரைக் கூட்டுகிறவள். கூலி கேட்டு வந்தவனைப் பேச்சாலேயே திருப்பி அனுப்புகிறவள். அவளை நல்லவள் என்று யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பெற்ற பிள்ளைக்குப் பங்கு கேட்பது எந்தத் தாயும் செய்வது. சக்களத்தி பிள்ளைக்குக் கேட்டு வாங்கி, பெற்ற பெயரை மட்டும் பெற்றவளிடமே விட்டுவைக்க எத்தனை பேரால் முடியும்? தன் பெயர் யாருடைய பெயரிலிருந்து வந்தது என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்த பொங்கலுக்குக் கண்ணகி அதே கடைசி இடத்தில் கல்லைக் கூட்டினாள்.

“இன்னாடா, பத்தரம் கொண்டாந்தியா?” என்றார் ஆதிமூலம்.

“பத்தரம் தப்புண்ணே. நீங்க சொன்னதுதான் நெசம்” என்று தொடங்கி, காசிநாதன் எல்லாவற்றையும் பங்காளிகள் காதில் விழச் சொன்னார். “எங்கப்பன் குஞ்சம்மா பெத்த புள்ள. ஆனா இந்த எடம் உங்க ஆயா குடுத்தது. எடுக்கறதுன்னா அதுகிட்டக் கேட்டுக்கினு எடுங்க.”

ஆதிமூலம் குனிந்து கண்ணகியின் அடுப்பைப் பார்த்தார். பிறகு, “ஈர வெறவ வச்சிக்கினு ஊதிக்கினு கீறியே” என்று கண்ணகியைக் கடிந்து, தன் அடுப்பில் நன்றாக எரிந்துகொண்டிருந்த கட்டையொன்றை உருவி அவள் அடுப்பில் வைத்தார்.