நடிகர் சட்டையில் சிவப்பு அம்பு

எங்கள் பனியன் கம்பெனிக்கு அந்த நடிகர் வந்த முதல் நாள், மதியம்வரை ஒரு பீஸ்கூட லைனை விட்டு வெளியே போகவில்லை. தைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள், அயர்ன் போடுகிறவர்கள் எல்லோரும் ஜன்னலில் தொங்கினார்கள். ஷிப்மென்ட் கழுத்தை நெரிக்கிற வாரம். வேறு நாளாக இருந்தால் முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். அன்று அவரே மாலையோடு கேட்டில் நின்றார்.

நான் சிங்கர் டெய்லராகச் சேர்ந்து லைன் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏனுங்க, அந்தப் படத்துல நடிச்சவருக்கு நீங்கதான் மிசின் பழக்குனீங்களாமா?" ஆமாம், நான்தான். அந்தப் பெருமையின் லட்சணத்தை எழுதிவைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

1. அவனாக மாற வந்தவர்

படம் உண்மைக் கதை. எங்கள் திருப்பூரில் ஒரு சிங்கர் டெய்லர் தன் மனைவியைக் கொன்றான். அவள் பெயர் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். எங்கள் கம்பெனியில், தைத்து வருகிற பீஸில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் நின்றவள். அவனும் எங்களிடம் சில காலம் தைத்தான். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. போஸ்டரில் வேண்டிய மட்டும் போட்டுவிட்டார்கள். "அவளுக்கு வேற ஆளோட தொடர்பு, அதான் பண்ணுனேன்" என்று கோர்ட்டில் சொல்லிப் பார்த்தான். அப்படி ஒரு ஆளே கிடையாது, எல்லாம் குடியும் சந்தேகப் புத்தியும்தான் என்று சொல்லி ஆயுள் தண்டனை கொடுத்து அனுப்பினார் ஜட்ஜ். எஸ்தரின் மகளை எஸ்தருடைய அக்கா ஜெசிந்தா எடுத்து வளர்த்தாள். ஜெசிந்தாவும் அதே செக்கிங் டேபிள்தான்.

அந்தக் கொலைகாரன்தான் நடிகருக்கு வேஷம். "நான் நடிக்க வரலை சார். அவனா மாறுறதுக்கு வந்திருக்கேன்" என்றார் முதலாளியிடம். முதலாளிக்குப் புல்லரித்தது. எனக்குப் பசித்தது.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் உழைத்தார். தொப்பை வளர்த்திருந்தார். நெற்றி ஏறித் தெரிவதற்காக முன்முடியைச் சிரைத்திருந்தார். "ஊட்டுக்குப் போயிட்டு வர்றனுங்க" என்று நம் பேச்சைச் சொல்லிச் சொல்லிப் பழகினார். என்னைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார். அவன் டீயை ஊதிக் குடிப்பானா? கத்தரியை எந்தப் பக்கம் வைப்பான்? கோபம் வந்தால் பேசுவானா, பேசமாட்டானா?

நான் முழங்கால் விஷயத்தைச் சொன்னேன். சிங்கர் மிசினுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். வலது முழங்காலால் அதைத் தள்ளினால் துணியை அமுக்கிப் பிடித்திருக்கும் இரும்புப் பாதம் மேலே எழும்பும். வருடக்கணக்கில் தைத்தவனுக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் அந்த முழங்கால் தானாகப் பக்கவாட்டில் ஆடும். நடிகர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சோறு தின்னும்போதும் ஆடியது, போனில் பேசும்போதும் ஆடியது. ஒரு நாள் மிசினிலிருந்து அவர் நிமிர்ந்து பார்த்தபோது அவனே திரும்பி வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

ஆனால் எஸ்தரைப் பற்றி ஒரு கேள்வி? ஊஹும். அவள் நின்ற டேபிள் எங்கள் லைனிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்று நானே சொன்னேன். "என் கேரக்டர் செக்கிங் பக்கம் போகாது மாஸ்டர்" என்றார். கேட்டீர்களா கதையை! பெண்டாட்டியைக் கொன்றவன் வேஷமாம், பெண்டாட்டி வேலை செய்த பக்கம் கேரக்டர் போகாதாம்.

2. கையைப் பிடித்துச் சொன்னது

ஜெசிந்தா என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, ஒரு வாட்டி அவரப் பாக்கணும். கூட்டிட்டுப் போவீயளா?"

டீ டைமில் கூட்டிப் போனேன். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்: "ஐயா, கொன்னவன் கதைய எடுக்கீய, எடுத்துக்கிடுங்க. எந்தங்கச்சி தப்பானவளுன்னு மட்டும் வச்சிராதீய. அது பொய்யின்னு கோர்ட்டே சொல்லிட்டு. அவ பிள்ள காலேசுல படிக்கி. நாளைக்கு நாலு பேரு அது மூஞ்சியப் பாத்துக் கேட்டுறக் கூடாது. வேற ஒண்ணும் நான் கேக்கல."

நடிகர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வேறு. "அம்மா, உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சி. அப்படி ஒரு சீன் இந்தப் படத்துல வராது. நான் பொறுப்பு" என்றார். ஜெசிந்தா கும்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அவர் பேசிய நேரமெல்லாம் முழங்கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

3. கைதட்டல்

படம் வந்ததும் முதலாளி ஒரு ஷோ முழுவதையும் பிடித்து எங்கள் எல்லோரையும் கூட்டிப்போனார். வந்தது பாருங்கள், அந்த சீன். படத்தில் எஸ்தருக்கு ஒரு பேக்கிங் மேனேஜர், அவனுக்கு ஒரு புல்லட், இரண்டு பேருக்கும் மழையில் ஒரு பாட்டு! புருஷன் தூர நின்று பார்க்கிறான். வந்து மிசினில் உட்காருகிறான். ஒரு வசனம் கிடையாது. முழங்கால் மட்டும் ஆடுகிறது, ஒரு சொட்டுக் கண்ணீர் துணியில் விழுகிறது. தியேட்டரே எழுந்து கை தட்டியது. "பாவம், அவன் என்னதான் பண்ணுவான்" என்று என் பின்சீட்டில் ஒரு குரல். கொலை பண்ணப் போகிறவனுக்குப் பாவமாம். ஜெசிந்தா இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விட்டாள்.

நடிகர் பேட்டிமேல் பேட்டி கொடுத்தார். அதில் ஒன்றில் சொல்கிறார்: "காரணமில்லாம ஒருத்தன் கொலை பண்றதை என்னால உள்வாங்க முடியலை. ஒரு காரணம் இருந்தாதான் நான் அவனா மாற முடியும்." நல்லா இருக்கு நியாயம்! இவர் மாறுவதற்காகச் செத்துப்போனவளை மாற்றிவிட்டார்கள். தூ!

காலேஜ் பஸ்ஸில் எவளோ ஒருத்தி, "அது உங்க அம்மா கதையாமே?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு எஸ்தரின் மகள் காலேஜ் போவதை நிறுத்தினாள். "கதவச் சாத்திக்கிட்டு கெடக்கா அண்ணாச்சி. சாப்பிடக்கூட மாட்டேங்கா" என்றாள் ஜெசிந்தா.

4. பொன்னாடை

படம் நன்றாக ஓடியதால் நன்றி சொல்ல நடிகர் கம்பெனிக்கு வந்தார். வாசலில் பந்தல், மேடை, கேமரா, கூட்டம். எஸ்தரின் அக்காவுக்குத் தன் கையால் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஜெசிந்தா செக்கிங் டேபிளிலிருந்து அப்படியே வந்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். செக்கிங்கில் நிற்கிற பெண்கள் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களை இடது புறங்கையில் வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பு. அம்பு இருந்தால் அந்த பீஸ் டேமேஜ். சரிசெய்து கொண்டுவந்து காட்டினால், ஒட்டியவளே பார்த்து எடுப்பாள். வேறு யாரும் கை வைக்கக் கூடாது, முதலாளியே ஆனாலும். எங்கள் கம்பெனியில் அப்படிச் சட்டம் போட்டவரும் அவர்தான்.

நடிகர் பொன்னாடையைப் போர்த்தினார். ஜெசிந்தா நின்று வாங்கிக்கொண்டாள். பிறகு புறங்கையிலிருந்து ஓர் அம்பை உரித்து, அவருடைய வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

முதலாளி என் காதோரம் வந்தார். "பழனிச்சாமி, அதைப் பிச்செறி."

"ஒட்டுனவங்கதானுங்க எடுக்கோணும். நீங்க போட்ட சட்டந்தானுங்களே" என்றேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கூட்டத்தில் ஒருத்தரும் அசையவில்லை.

நடிகருக்கோ பூரிப்பு. "என்னம்மா இது?" என்று குனிந்து கேட்டார்.

"எங்க டேபிள்ல நின்னவளுக்குத் தெரியும்யா" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா இறங்கிப் போய்விட்டாள்.

அவர் அம்பின்மேல் கையை வைத்துத் தலை வணங்கினார், பாருங்கள்! சாயங்காலம் அந்த போட்டோவை அவரே நெட்டில் போட்டார். "பனியன் தொழிலாளச் சகோதரிகள் என் நெஞ்சில் பதித்த அன்பு முத்திரை" என்று கீழே எழுத்து வேறு. இங்கேயே தங்கி இந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொன்னவர்! செக்கிங் டேபிள் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதுமே.

திருப்பூர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! டீக்கடையில் சிரித்தார்கள், பஸ்ஸில் சிரித்தார்கள். "அண்ணா, அது டேமேஜ் அம்புங்க." "எந்தக் கம்பெனிங்க ரிஜெக்ட் பண்ணுச்சு?" என்று போட்டோவுக்கு அடியில் எழுதித் தள்ளினார்கள். ஏன் ஒட்டினாள் என்ற கேள்வியும் கூடவே வந்தது. எங்கள் செக்கிங் பெண்களே பதில் எழுதினார்கள்: அப்படி ஒரு ஆளே இல்லையென்று கோர்ட் சொன்னதையும், நடிகர் கையைப் பிடித்துச் சொன்னதையும். அவர் போட்டோவை நெட்டிலிருந்து நீக்கிவிட்டார். அதற்குள் ஊரில் எல்லார் போனிலும் அது ஏறியிருந்தது.

ஒரு வாரத்தில், எங்கள் ஊர் ராயபுரத்துச் சுவரில் இருந்த பட போஸ்டரில் அந்த பேக்கிங் மேனேஜர் மூஞ்சி தெரியாத அளவுக்குச் சிவப்பு அம்பு. எந்தக் கம்பெனிப் பெண்கள் ஒட்டினார்களோ, தெரியாது. எஸ்தரின் மகளை அழைத்துப்போய் ஜெசிந்தா அதைக் காட்டினாள். பெண் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாளாம், பிறகு அழுதாளாம். திங்கட்கிழமை காலேஜ் பஸ் ஏறிவிட்டாள்.

லைனுக்கு வருகிற பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். ஒரு பீஸ் எத்தனை அழகாக இருந்தாலும் திருப்பிப் போட்டு உள்பக்கத் தையலைப் பார்க்காமல் பாஸ் பண்ணாதீர்கள். பளபளப்பைப் பார்த்து ஊரே கை தட்டினாலும் சரி.

நடிகருக்கு விருது கிடைத்துவிட்டது. மேடையில் முழங்காலைப் பற்றித்தான் நிறையப் பேசினார். பேசட்டும். குறையைச் சரிசெய்து கொண்டுவந்து காட்டினால் அம்பை எடுத்துவிட ஜெசிந்தா அதே டேபிளில்தான் நிற்கிறாள். இன்றுவரை யாரும் கொண்டுவரவில்லை.