பார்த்தாச்சு

மதிவதனி என் பிரவுசிங் சென்டருக்குள் முதல் தடவை நுழைந்தபோது, தங்கைக்கு வரன் தேட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். 2004இல் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கையில் குடையோடு தனியாக வந்தால் வேறென்ன நினைப்பது? செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது என் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். கழுத்தில் 'மௌன விரதம்' என்று அட்டை தொங்கும். வந்து உட்கார்ந்தால் விரல் நோக நோக இரண்டு மணி நேரம் சாட் அடிப்பார்கள். நான் எத்தனையோ மௌனங்களைப் பார்த்தவன். ஆனால் இவளுடைய மௌனம் வேறு வகை.

மூலையில் இருந்த கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல் வளைந்து வளைந்து ஓடின.

"இன்னாம்மா இது, பஸ் ரூட்டா?"

"இல்லீங்கண்ணா. சர்க்யூட் போர்டு. ரேடியோவ தொறந்தா உள்ள பச்சையா ஒரு தகடு இருக்குமே, அதுக்கு வரையறது."

"நீங்களா வரையறீங்க?"

"நான் மட்டும் இல்லீங்க. நெறைய பேரு." சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த 'நிறையப் பேர்' யாரென்று எனக்கு விளங்க மாதக்கணக்கில் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள், கரண்ட் போகும், டீ வாங்கித் தருவேன், கரண்ட் வரும்வரை பேசுவாள். இங்கே சொல்வதில் பாதி அப்படிக் கேட்டது, மீதி என் கண்ணால் பார்த்தது.

கீழ்பென்னாத்தூர்க்காரி. அப்பா இராமலிங்கம் தமிழ் வாத்தியார், அதனால்தான் இந்தப் பெயர். 1989இல் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதெல்லாம் போர்டுகளைக் கம்ப்யூட்டரில் வரைவதில்லை. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசை. அதன் மேல் கண்ணாடி போன்ற ஃபிலிம். அந்த ஃபிலிமில் கறுப்பு டேப்பை நூல் பிடித்தாற்போல ஒட்ட வேண்டும். ஒரு டேப் ஒரு கம்பிக்குச் சமம். இரண்டு டேப் தெரியாமல் தொட்டுக்கொண்டால் போர்டு புகைந்துவிடும். அந்த ஒரே மேசையைச் சுற்றி நான்கு பெண்கள். ஒருத்தி கொண்டுவந்த புளிசாதம் நாலு டப்பாவுக்கும் போகும், ஒருத்தி மாமியாரைப் பற்றிச் சொன்னால் மற்ற மூன்று பேரும் சேர்ந்து திட்டுவார்கள்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. தான் ஒட்டியதைத் தானே சரிபார்க்கக் கூடாது. எதிரே இருப்பவளிடம் தள்ள வேண்டும். அவள் கோடு கோடாகப் பார்த்து, ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'பார்த்தாச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஃபிலிம் மேசையை விட்டு இறங்கும். அவர்களில் மூத்தவள் ஜோதியம்மாள். அவளுக்கு ஒரு குறும்பு. எப்போதாவது ஒரு கோட்டை வேண்டுமென்றே தப்பாக ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு எதிரே தள்ளுவாள். கண்டுபிடித்துவிட்டால் வாய்கொள்ளாமல் சிரிப்பாள். கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட்டவளோடு அன்று முழுக்கப் பேச மாட்டாள்.

"என் கோட்ட ஒருத்தி உத்துப் பாக்கறான்னா அதுல ஒரு சொகம் இருக்குண்ணா. திட்டுனாக்கூட சொகம்தான்" என்றாள் ஒருமுறை. டீயை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மேசையைக் கழற்றி மூலையில் சாய்த்தார்கள், நாலு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மதிவதனி ஊருக்கு வந்தாள். கல்யாணம் பேசினார்கள், நின்றது. மறுபடி பேசினார்கள், அதுவும் நின்றது. அதற்கு மேல் அவள் சொன்னதில்லை, நானும் தோண்டவில்லை. அப்பா போன பிறகு அண்ணன் ஓசூருக்குக் குடிபோய்விட்டான். இவள் திருவண்ணாமலையில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, ராமகிருஷ்ணன் எலெக்ட்ரிக் கடையின் பின்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கிணற்று மோட்டார்களுக்கு ஒரு பெட்டி செய்வார் ராமகிருஷ்ணன். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மோட்டார் ஓடும், வற்றினால் தானாக நின்றுவிடும். அதற்கான போர்டை செப்புத் தகட்டின் மேல் பெயிண்ட்டால் கையாலேயே வரைந்து கொடுப்பது இவள் வேலை. பின்கட்டில் இவளும் ஒரு டேபிள் ஃபேனும். காலையில் "வந்துட்டியா", மதியம் "சாப்டியா", மாலையில் "கெளம்பிட்டியா". அவ்வளவுதான் பேச்சு. வருடக்கணக்கில் அவள் வரைந்த எதையும் யாரும் பார்த்ததில்லை. பெட்டி ஓடினால் சரி, ஓடாவிட்டால் திட்டு.

"தனியா சாப்புடறது, தனியா தூங்கறது எல்லாம் பழகிடுதுண்ணா. யாரும் பாக்காம வேலை செய்யறதுதான் பழகவே இல்ல."

அப்புறம் ராமகிருஷ்ணன் பில் போடுவதற்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில், போர்டு வரையும் மென்பொருள் ஒன்று இருந்தது. முதலாளி கிடையாது, விலை கிடையாது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கை போட்டுச் செய்தது. ஓப்பன் சோர்ஸ் என்றாள். அவர்களுக்குள் ஒரு மெயிலிங் லிஸ்ட். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். ராமகிருஷ்ணன் கடையில் இன்டர்நெட் கிடையாது, அதற்குத்தான் என் கடைக்கு வந்தாள், அந்த சிடியை என் மூலைக் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொண்டாள். எந்தெந்தப் பாகம் போர்டில் எப்படி உட்காரும் என்ற படங்களுக்கு ஒரு பொது லைப்ரரி. யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம். ஆனால் இன்னொருவர் பார்த்துவிட்டு 'பார்த்தாச்சு' என்று எழுதினால்தான் லைப்ரரிக்குள் போகும். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதை நான் தமிழில் சொல்கிறேன்.

அம்பத்தூர் மேசை திரும்பக் கிடைத்துவிட்டது அவளுக்கு.

ஒவ்வொரு பாகமாக வரைந்து அனுப்பினாள். எல்லாம் நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் சாமான்கள். அந்த ஊர்களில் அதெல்லாம் யாருக்கு வேண்டும்? வாரக்கணக்கில் ஒருவரும் சீந்த மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், மெயிலைத் திறப்பாள், ஒன்றும் இருக்காது. தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போவாள். பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

பிறகு ஒருவர் பார்க்கத் தொடங்கினார். பாவெல் என்று பெயர். செக் நாட்டில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவராம். இவள் எது அனுப்பினாலும் 'பார்த்தாச்சு. பாவெல்' என்று ஒரு வரி வந்துவிடும். அந்த ஒரு வரிக்கு இவள் அடையும் சந்தோஷத்தைப் பார்த்தால், என் கடைக்கு வரும் காதல் ஜோடிகள் தோற்றுப் போவார்கள்.

"இன்னிக்கு பாவெல் பாத்துட்டாருண்ணா."

"ஒரே வரிதான எழுதுறாரு மனுசன்?"

"தப்பு இல்லன்னா ஒரு வரி போதும்ல."

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. அப்புறம்தான் அந்த ரிலே வந்தது.

ரிலே என்பது தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி. 'டிக்' என்று கரண்ட்டை ஒரு பக்கம் நிறுத்தி மறுபக்கம் விடும். அடியில் ஐந்து கால்கள். ராமகிருஷ்ணனின் பெட்டிக்கு அதுதான் உயிர். அதை வரைந்து அனுப்பினாள். தயாரித்தவர்கள் கொடுத்த படம் கட்டியை மல்லாக்கப் போட்டுக் கால் பக்கமாகப் பார்த்து வரைந்தது. இவளும் பத்து வருடமாகச் செப்புப் பக்கத்தில்தான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். அதாவது போர்டின் வயிற்றுப் பக்கம். ஆனால் அந்த மென்பொருளில் எதையும் முதுகுப் பக்கமிருந்துதான் பார்க்க வேண்டும். வயிற்றிலிருந்து பார்த்தால் இடது, முதுகிலிருந்து பார்த்தால் வலது. கைப்பழக்கத்தில் இவள் வயிற்றுப் பக்கமாகவே வரைந்துவிட்டாள். இதற்கு முன் அனுப்பியவை எப்படித் திருப்பினாலும் ஒன்றாக இருக்கும் சாமான்கள், அதனால் தெரியவில்லை.

மறுநாளே வந்துவிட்டது: 'பார்த்தாச்சு. பாவெல்.'

அதை நம்பி ராமகிருஷ்ணன் முதல் தடவையாகச் சென்னையில் கொடுத்து ஒரு பெட்டி நிறைய போர்டு அடித்து வரவழைத்தார். கடை வாசலில் பக்கெட் நிறைய தண்ணீர் வைத்து, மோட்டாருக்குப் பதில் ஒரு குண்டு பல்பை மாட்டிச் சோதித்தார். கம்பியைத் தண்ணீரில் விட்டால் பல்பு அணைந்தது. வெளியே எடுத்தால் ஜம்மென்று எரிந்தது.

"இன்னாம்மா மதி இது? தண்ணி இருந்தா நிக்குது, தண்ணி இல்லன்னா ஓடுது! கெணறு வத்துனப்புறம் மோட்டார் போட்டு இன்னா பண்ணுவான் குடியானவன்?"

தெருவே சிரித்தது. அவரும் கத்திவிட்டுச் சிரித்துவிட்டார். ஒவ்வொரு போர்டிலும் இரண்டு இடத்தில் வெட்டி ஒயர் வைத்து ஒட்டினால் சரியாகிவிடும் என்று இவளே சொன்னாள், செய்தும் கொடுத்தாள். கடைக்காரருக்குப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

இவளுக்குத் தீரவில்லை. அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து, கம்ப்யூட்டரைக்கூடப் போடாமல் மூலையில் உட்கார்ந்தாள்.

"பாக்கவே இல்லண்ணா அவரு."

"யாரு?"

"பாவெல். ரிலேவ ஒரு தடவ கையில எடுத்துத் திருப்பியிருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்காமலே பார்த்தாச்சுன்னு எழுதியிருக்காரு. அப்ப இதுக்கு முன்னாடி பார்த்தது எல்லாம்?"

லிஸ்ட்டில் எழுதம்மா என்றேன். எழுதினாள். படம் தப்பு, நான்தான் திருப்பி வரைந்துவிட்டேன், நீங்களும் பார்க்கவில்லை என்று. பதில் உடனே வந்தது. அந்த ரிலே எங்கள் நாட்டில் கிடைக்காது, நான் கண்ணால் கண்டதில்லை, உன் படம் எப்போதும் சரியாக இருக்கும், அதனால் நம்பிவிட்டேன், மன்னித்துவிடு என்று எழுதியிருந்தார் பாவெல். மற்றவர்களும் பரவாயில்லை, யாருக்கும் வருவதுதான் என்று எழுதினார்கள்.

"நம்புனாங்களாம்" என்றாள் மதிவதனி.

நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு எரிச்சலாக இருந்தது. நம்பிக்கையை இவள் எப்போது கேட்டாள்? நம்புகிறவர்கள் இவளுக்கு இங்கேயே இருந்தார்கள். ராமகிருஷ்ணன் நம்பித்தான் பின்கட்டில் விட்டுவிட்டுப் போனார். எதிரே ஆள் இருக்கிறது என்று நினைத்து இரண்டு வருடமாகக் காலி நாற்காலிக்கு ஃபிலிமைத் தள்ளியிருக்கிறாள், பாவம்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மூலைக் கம்ப்யூட்டரை ஒரு தாடிக்காரர் பிடித்துக்கொண்டார். எப்போதாவது சாயங்காலம் ரோட்டில் குடையோடு போவாள். நான் கை காட்டினால் தலையசைப்பாள், நிற்க மாட்டாள்.

ஒருநாள் திடீரென்று வந்தாள். கையில் சின்ன அட்டைப் பெட்டி, மேலே பாவெலின் விலாசம். உள்ளே ரிலே.

"போஸ்ட் ஆபீஸ் போறேண்ணா. கையில இருந்தா பாக்கத்தான வேணும்? பாக்கட்டும்."

ரிலேவின் படத்தையும் முதுகுப் பக்கமாகத் திருத்தி அன்றே அனுப்பினாள். பார்சல் வந்து சேரும்வரை ஒன்றும் எழுதாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்தாள். பிறகு காத்திருந்தாள். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகள், மறுபடியும் ஒன்றுமில்லாத மெயில் பெட்டி.

பதில் வந்தது ஒரு பௌர்ணமி அன்று. மதியத்திலிருந்தே ரோடு நிறைந்து ஜனம் மலையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்பவர்களும், பையை வைத்துவிட்டுப் போகலாமா என்பவர்களுமாக என் உயிரை வாங்கினார்கள். அந்த லட்சம் பேரை விலக்கிக்கொண்டு, அதில் ஒருவரையும் தெரியாமல், அவள் வந்து மூலையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், தோள் குலுங்குகிறது. சாவுச் செய்திதான் என்று ஓடினேன்.

"இன்னாம்மா ஆச்சு?"

"தப்புன்னு சொல்லிட்டாருண்ணா."

படித்துக் காட்டச் சொன்னேன். பாவெல் எழுதியிருந்தார்: 'ரிலே கிடைத்தது. உன் படத்தைத் தாளில் அச்சடித்து, அதன் மேல் ரிலேவை வைத்து, ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். திசை இப்போது சரி. நான்கு கால்கள் சரி. ஐந்தாவது கால் நுழையாது, ஓட்டை சின்னது. திருத்தி அனுப்பு, மறுபடி பார்க்கிறேன்.'

"அதுக்கா அழுவுற? ஓட்டைய பெருசு பண்ணிட்டா போச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான்தாண்ணா சின்னதா வெச்சேன்."

"வேணும்னேவா?"

"ஜோதியக்கா மாதிரி." சிரிப்பும் அழுகையுமாக வந்தது அவளுக்கு. "பார்த்தாச்சுன்னு வந்திருந்தா, என் படத்தையெல்லாம் எடுத்துட்டு வந்துடலாம், இனிமே இந்தப் பக்கமே வர வேணாம்னு இருந்தேன்."

ஓட்டையைத் திருத்தினாள். அனுப்புவதற்கு முன் கை நின்றது. வாசலில் அரோகரா சத்தம் காதைப் பிளந்தது. ஒருவன் பையை வைக்கலாமா என்று கல்லாவில் தட்டிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இங்க பாருங்கண்ணா" என்றாள்.

அவனை நிற்கச் சொல்லிவிட்டு, மூலைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் ஐந்து வட்டங்கள். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வட்டத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக ஐந்தையும் பார்த்தேன்.