தாராவி என்று தேடினால் யாரும் இல்லை

ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் ஆப் ஒன்றில், அந்தத் தேடும் பக்கத்தை வரைவதுதான் என் வேலை. மேலே ரத்த வகை, கீழே ஏரியா, அப்புறம் ஒரு பட்டன். ஒரு தடவைக்கு ஒரு ஏரியாதான். கட்டை விரலாலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

என் மனைவிக்குப் பிரசவமான மத்தியானம் அந்தத் திமிர் போயிற்று. குழந்தை நன்றாக இருந்தது. அவளுக்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் இருப்பில் இல்லை, சீக்கிரம் ஆளைக் கூட்டி வாருங்கள் என்று டாக்டர் ஹிந்தியில் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். வராண்டாவில் நின்று, நான் வரைந்த பக்கத்தை நானே திறந்தேன். தாராவி என்று தட்டினேன். நாங்கள் குடியிருக்கும் இடம், நம்ம தமிழ் ஜனம், சொன்னால் ஓடி வந்துவிடும். யாரும் இல்லை என்று காட்டியது. மறுபடி தட்டினேன். யாரும் இல்லை. அடப் பாவிகளா, இத்தனை ஜனத்தில் ஒருத்தர்கூடவா? கைக்கு வந்த ஏரியாவையெல்லாம் தட்டினேன். காட்கோபரில் இருந்தவர் போனை எடுக்கவில்லை. அம்பர்நாத்காரர் வருகிறேன் என்றார். ஆனால் அவர் ரயில் பிடித்து வருவதற்குள் இவள் இருப்பாளா?

அப்போதுதான் உறைத்தது. வீடு எங்கே என்று ஆபீசில் கேட்டால் நான் என்ன சொல்கிறேன்? சயான். எங்கள் சந்தில் எல்லோரும் அப்படித்தான், பக்கத்து ஏரியாவின் பெயரைச் சொல்வோம். தாராவி என்றால் வேலைக்கும் கூப்பிட மாட்டான், பெண்ணும் தர மாட்டான். சயான் என்று தட்டினேன். ஒரே ஒரு பெயர் வந்தது. போனை எடுத்தவர் பேசிய ஹிந்தியில் திருநெல்வேலி வாடை அடித்தது. சயானில் எங்கே என்று கேட்டதற்கு மழுப்பினார்.

"அண்ணாச்சி, நானும் தாராவிதான். எந்தச் சந்துன்னு சொல்லுங்க. எம் பொண்டாட்டி சாகக் கெடக்கா."

அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் இட்லிக் கடை, இதோ பைக்கை எடுக்கிறேன் என்றார். எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி.

வந்தார், கொடுத்தார், அவள் பிழைத்தாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆப்பில் உங்கள் ஏரியாவைத் தாராவி என்று மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. மவளுக்கு மாப்ள பாக்கோம். சயான்னே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாளைக்கு இன்னொருத்தன் இதே வராண்டாவில் நின்று தேடுவானே என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

மறுநாள் பிறப்பைப் பதிய வந்த நர்ஸ், வீடு எங்கே என்று கேட்டாள். மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தேன். சயான் என்றேன்.