மேட்ச் பண்ணிவிட்டார் முதலாளி

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம். டெக்சாஸ் மாநிலம் இர்விங்கில் என் முதலாளியின் வீடு. நடந்தது இவ்வளவுதான்:

1. அலுவலகத்தில் இருந்து எல்லோரும் விருந்துக்குப் போனோம்.
2. டிவியில் ஒரு கூடைப்பந்து வீரரின் எதிர்காலம் முடிவாகிக்கொண்டிருந்தது.
3. என் கைப்பேசியில், சன்னிவேல் என்ற ஊரில் இருக்கும் கம்பெனி ஒன்று என்னை வேலைக்கு அழைத்த கடிதம் இருந்தது.
4. மாலைக்குள் அந்த வீரரும் நானும் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

எதையும் வரிசையாக எழுதினால் தெளிவு வந்துவிடும் என்று நம்புகிற ஆள் நான். இதைப் பல முறை எழுதிவிட்டேன். நான்காவது வரி மாறவில்லை.

எங்கள் முதலாளி தமிழர். எங்களைப் போன்ற மென்பொருள் ஆட்களை விசாவில் வரவழைத்துப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பும் கன்சல்டன்சி நடத்துகிறார். அமெரிக்காவில் அவர் முதலில் இறங்கிய ஊரின் கூடைப்பந்து அணிதான் இன்றும் அவருடைய அணி. ஆகவே எங்களுக்கும் அதுதான்.

அந்த அணியில் ஓர் இளம் வீரர். முழங்கால் வலியோடு ஆட மாட்டேன் என்று அவர் சொன்னதற்கு, 'எங்களால் ஆளானவன்' என்று அணியின் உரிமையாளர் ஒரு பேட்டியில் குத்திக்காட்டியிருந்தார். அதிலிருந்தே வெளியேறிவிட வேண்டும் என்று இருந்தார் வீரர். முதல் ஒப்பந்தம் முடிந்ததும் வேறோர் அணி கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் அவரைப் போன்ற இளம் வீரர்களுக்கு ஒரு விதி உண்டு. வெளி அணி தரும் தொகையைப் பழைய அணியும் தர முன்வந்தால், அவர் பழைய இடத்திலேயே இருந்தாக வேண்டும். இதைத்தான் 'மேட்ச்' என்கிறார்கள். அவர் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. மேட்ச் செய்யப் பழைய அணிக்கு இருந்த கெடு முடிகிற நாள் அது.

எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"நன்றி கெட்டவன். சின்னப் பையனா இருந்தவனை ட்ராஃப்ட்ல எடுத்து வளர்த்துவிட்டது யாரு?" என்றார் ஒருவர்.

"இஞ்சுரில உக்காந்திருந்தப்ப சம்பளம் குடுத்தாங்கல்ல, அப்ப மட்டும் இனிச்சுதா?" என்றார் அடுத்தவர்.

அந்த சோபாவில் இருந்த ஒவ்வொருவரின் விசாவும் அந்த வீட்டுக்காரரின் கையெழுத்தில் நிற்கிறது. அத்தனை பேரும் உரிமையாளரின் பக்கம் இருந்தார்கள்.

"காண்ட்ராக்ட்தான் முடிஞ்சிருச்சே. போகணும்னா போகலாம்தானே?" என்றேன்.

"பார்றா, வக்கீல் மேடம் வந்துட்டாங்க," என்று முதலாளி சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சற்று நேரத்தில் செய்தி வந்தது. உரிமையாளர் மேட்ச் செய்துவிட்டார். அறையே கைதட்டியது. ஒருவர் எழுந்து போய் எங்கள் முதலாளிக்குக் கை கொடுத்தார்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலை விசாவுக்கு ஆறு ஆண்டுதான் வரம்பு. அதற்கு மேல் இருக்க வேண்டுமானால், கம்பெனி முன்கூட்டியே கிரீன் கார்டு மனுவைத் தொடங்கியிருக்க வேண்டும். முதலாளி அதை "அடுத்த குவார்ட்டர்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். எனக்கு ஐந்தாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. சன்னிவேல் கம்பெனி, நான் சேர்ந்த உடனே மனுவைத் தொடங்குவதாகச் சொன்னது. அப்போது கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும். தாமதித்தால் இருக்காது.

கராஜுக்கு சோடா எடுக்கப் போன முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை.

"அவங்க தர்றதையே நானும் தர்றேன் மா. திங்கக்கிழமையே லாயர்கிட்ட சொல்லி உன் பேப்பரை ஆரம்பிச்சிடலாம். மேட்ச் பண்ணிட்டேன், போதுமா?" என்று சிரித்தார்.

நான் போகவே விரும்புவதாகச் சொன்னேன்.

"தாராளமா போ. ஆனா நீ இங்க வேலை பார்த்ததுக்கு அவங்க லாயர் என்கிட்ட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கேப்பார்ல? நம்ம ஆபீஸ்ல எல்லாரும் பிஸி மா. அது பொறுமையாத்தான் வரும்."

குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த அனுபவச் சான்று இல்லாமல் புதிய மனு நகராது என்பதும், காத்திருக்க எனக்கு நேரமில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

இன்னொரு வழி இருந்தது. முதலாளி தராவிட்டால், கூட வேலை செய்தவர் சாட்சிக் கடிதம் கொடுக்கலாம். வீட்டின் பின்பக்கம் கிரில்லில் சிக்கனைத் திருப்பிக்கொண்டிருந்த சீனியர் அண்ணாவிடம் கேட்டேன். நான் இந்த நாட்டுக்கு வந்த அன்று ஏர்போர்ட்டில் இருந்து என்னை அழைத்து வந்தவர் அவர்தான்.

கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "என் பேப்பரும் அவர்கிட்டதானே இருக்கு. பசங்க இங்க ஸ்கூல் போறாங்க. தப்பா எடுத்துக்காத மா."

பிறகு இருந்ததிலேயே நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்தேன். கொடுத்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது முதலாளியின் மனைவி பிரியாணியை டப்பாவில் போட்டுக் கொடுத்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு நீ. எங்க போயிடப் போற?" என்றார். அவருக்கு விஷயம் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேங்க்ஸ் ஆன்ட்டி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். காரில் ஏறி, சன்னிவேலுக்கு மறுத்து எழுத வேண்டிய மின்னஞ்சலை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே ஓட்டினேன்.

சில நாட்களுக்குப் பிறகு அந்த வீரரைச் செய்தியாளர்கள் முன் உட்கார வைத்தார்கள். இங்கேயே தொடர்வதில் மகிழ்ச்சி என்றார். பக்கத்தில் இருந்த உரிமையாளர் அவர் தோளில் கை போட்டிருந்தார். அந்த வீரர் கோடிகளில் சம்பாதிப்பவர், அவரோடு என்னை ஒப்பிடுவது அபத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கை எவ்வளவு கனக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தது.

அவரது இந்த ஒப்பந்தம் முடிந்தால் அந்த விதி அவரைக் கட்டுப்படுத்தாது. விரும்பிய அணிக்குப் போகலாம், யாராலும் மேட்ச் செய்து நிறுத்த முடியாது. முதலாளி தொடங்கிய என் கிரீன் கார்டு மனு இன்னும் பரிசீலனையில் கிடக்கிறது. சன்னிவேலில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். சீனியர் அண்ணாவும் நானும் இப்போதும் ஒரே புராஜெக்டில் இருக்கிறோம், அந்த மதியத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அடுத்த முறை என் விசாவை நீட்டிக்கும்போதும் கையெழுத்துப் போடப்போகிறவர் அதே முதலாளிதான்.