கூரையைத் தொடாத சுவர்

அந்த வகுப்பில் இருந்த ஏழு பேரையும் எனக்குப் பிடிக்காது. இத்தனை வருடம் கழித்து அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஹட்டன் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே இருந்த அறைக்கு வந்துவிடுவார்கள். நனைந்த குடைகளை மூலையில் சாத்திவிட்டு, முழங்கால் ஒட்ட உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார்கள். எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள், இருபது இருபத்தைந்து வயதுக்காரர்கள். கொழுந்து மலையிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துக்கொண்டே கட்டடக் கலை படிக்க வந்தவர்கள். ஊரில் நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து தொடங்கிய ஆரம்ப வகுப்பு அது. சொல்லிக்கொடுக்க என்னைப் பிடித்துப் போட்டார்கள். அறுபதுகளின் தொடக்கம்.

நான் கொழும்பில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் பத்து வருடம் படம் வரைந்தவன். டை கட்டாமல் படி ஏறமாட்டேன். அங்கே என்னோடு வேலை செய்தவர்கள், என்னோடு தங்கியவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தவர்கள். அவர்கள் பேச்சு என் வாயில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது என்பதுகூடப் பொய், நான்தான் பிடித்து ஒட்டவைத்தேன். சுதந்திரம் கிடைத்த கையோடு வந்த சட்டம் தோட்டத்து ஆட்களை நாடில்லாதவர்களாக்கிவிட்டது. யாழ்ப்பாணத்தான் என்று நினைத்துவிட்டால் யாரும் குடியுரிமைக் காகிதம் கேட்பதில்லை. உண்மையில் நான் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில் பிறந்தவன். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், அதுதான் லயம். அந்த ஒற்றை அறைக்குக் காம்பரா என்று பெயர். இந்த ஏழு பேரில் எவனாவது என்னை அடையாளம் கண்டுவிடுவானோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. என் பயம் எப்போதுமே கோபமாகத்தான் வெளியே வரும்.

முதல் பாடத்தில் பென்சிலைத் தொடவிடவில்லை. ஒருவனைப் பலகைத் தரையில் படுக்கச் சொன்னேன். அவனைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டேன். இன்னொருவனைச் சாப்பிட உட்காரும் மாதிரி சப்பணம் போட்டு உட்காரவைத்தேன். மூன்றாமவனைக் கதவைத் திறந்து மூடச் சொன்னேன். படுத்திருந்தவன் தலையில் கதவு இடித்தது. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதேயுங்கோ" என்றேன் யாழ்ப்பாணப் பேச்சில், வரைவதற்கு அங்கே கீறுவது என்று பெயர். "சுவரைக் கீறாதேயுங்கோ. சுவருக்கு நடுவில இருக்கிற இடத்தைக் கீறுங்கோ. ஆக்கள் சீவிக்கிறது அங்கதான். ஆள் படுத்தா கதவு திறக்கேலாதெண்டா அது அறையில்லை, பெட்டி."

நல்ல பாடம்தான், இன்றைக்கும் நான் அதை மாற்றமாட்டேன். பாடம் சொன்ன வாயைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து வெட்டுமுகம் சொல்லிக்கொடுத்தேன். மேலிருந்து பார்த்து வரைவது தரைப்படம். அதில் எந்த வீடும் ஒழுங்காகத்தான் தெரியும். பாண் ரொட்டியைக் கத்தியால் அறுத்து உள்ளே பார்ப்பதுபோல் வீட்டை உச்சியிலிருந்து அடிவரை அறுத்துப் பார்ப்பது வெட்டுமுகம். வீட்டின் குட்டு அதில்தான் வெளிப்படும். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பத்துக்கு இரண்டு வீடு, வெட்டுமுகம் வரைந்து வாருங்கள் என்று அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை ஏழு தாள்கள் வந்தன. ஆறு தாள்களில் ஒரே பிழை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. சுவருக்கும் கூரைக்கும் இடையில் வெறும் வெளி. ஒருவனை எழுப்பினேன்.

"உது என்ன?"

"ரெண்டு வூட்டுக்கும் நடுச்செவரு சேர்."

"நடுச்சுவர் ஏன் கூரையில முட்டேல்ல?"

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் தாளைப் பார்த்தான். அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"முட்டணுங்களா சேர்?"

லயத்தில் முட்டாது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் பாதியில் நிற்கும். அதற்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வெளி. முதல் காம்பராவில் இருமினால் கடைசிக் காம்பராவில் கேட்கும். இவர்கள் பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்த சுவர் அதுதான். சுவர் என்றால் அங்கே நிற்கும் என்று கை நம்பிவிட்டது. இதை நான் அன்பாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம்.

"கீறின கோட்டிலயே தெரியுது நீர் எந்த லயத்தில பிறந்தனீரெண்டு" என்று கத்தினேன். "நீங்கள் லயத்தை விட்டு வந்தாலும் லயம் உங்கட கையை விட்டுப் போகாது."

ஏழாவது தாளில் மட்டும் சுவர் கூரைத் தகரம்வரை போயிருந்தது. பென்சிலை அழுத்தி, இரட்டைக் கோடாக. அதை வரைந்தவன் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோதை ஓட்டுகிறவன், கறுத்து மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டான். அவனையும் நான் விடவில்லை.

"ஆரிட்டப் பாத்துக் கீறினனீர்?"

"யாரையும் பாக்கல சேர்."

"பொய் சொல்லாதையும்."

அவன் எழுந்து நின்றான். "இந்தச் செவருனாலதான் சேர் எம் பொண்டாட்டி போயிட்டா."

அவன் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கல்யாணமாகி மூணா நாளு. அம்மா நெனப்பாவே இருக்கு, அழுக வருதுன்னு எங் காதோரமாத்தான் சொன்னா. மறுநாள் காலையில பீலியில தண்ணி புடிக்கப் போயிருக்கா. ஆறாங் காம்பராப் பொம்பள, என்னா புள்ள, அம்மாவத் தேடுதான்னு கேட்டுச்சாம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. கொடத்த அங்கயே வச்சிட்டு வந்து பொட்டியக் கட்டிட்டா. வட்டவளைக் கடைத்தெருவுல அவங்கம்மா வூட்டுல இருக்கா. செவரு கூரையத் தொடுற வூடு கெடச்சா வந்து கூப்புடு, வர்றேன்னு சொல்லியிருக்கா."

மனுசனாக இருந்தால் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருப்பேன். "கதை சொல்லவோ வந்தனீர்? இருந்து கீறும்" என்றேன்.

அந்த வருட மழையில் அவனுடைய தோட்டத்தில் மலை சரிந்து ஒரு லயத்தில் பாதி போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அவனையும் சேர்த்து ஆறு குடும்பம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பாய் விரித்துப் படுத்தது. தோட்டத்துத் துரை ஆறு வீடு கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டு, ஒரு படம் போட்டுத் தரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். நான் அதை வகுப்பில் பயிற்சியாகக் கொடுத்தேன்.

அவனுடைய படம்தான் சிறந்தது. கதவைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரன் கண் உள்ளே விழாதபடி வாசலைத் தள்ளி வைத்திருந்தான். அடுப்புப் புகை படுக்கும் பக்கம் வராது. உடை மாற்ற ஒரு மறைவு வைத்திருந்தான். சுவர் கூரையைத் தொட்டது. அரை மணி நேரம் குறை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இந்தத் தாள் துரையிடம் போனால் யார் போட்டது என்று கேட்பார். தோட்டத் தொழிலாளி என்று நான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் அறையில் உட்கார்ந்து அதை என் கையால் புதிதாகப் போட்டேன். தரைப்படத்துக்கு நேரம் எடுத்தேன், அவன் வைத்ததை அப்படியே வைத்தேன். சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது வெட்டுமுகம் மட்டும் பாக்கி. அவன் தாளைப் பார்க்கக்கூடத் தேவையிருக்கவில்லை, கை தானாக ஓடியது. கீழே என் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போட்டுத் துரைக்கு அனுப்பிவிட்டேன். அவன் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த வகுப்பில் சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தான். "வூடு வந்தாச் சரி சேர்" என்றான்.

கட்டி முடிக்க நாலு மாதம் ஆனது. நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. அந்தத் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம்தான் நான் பிறந்தது. பாதையில் யாராவது என் அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால்?

ஒரு சனிக்கிழமை அவன் மற்றவர்களுக்கு முன்னால் வந்து வாசலில் நின்றான்.

"செவரு முட்டல சேர். சாவி குடுத்தப்பறந்தான் எங்கள உள்ள வுட்டாங்க."

"என்ன சொல்லுறீர்?"

"அவ வந்தா சேர். பொட்டியோட வந்து வாசப்படியில நின்னு மேல பாத்தா. உள்ளயே வரல. திரும்பிப் போயிட்டா."

செங்கல்லை மிச்சம்பிடிக்கத் துரை செய்த வேலை என்று அடித்துச் சொன்னேன். திங்கட்கிழமை பஸ் ஏறி நேரே துரையின் அலுவலகமான தோட்டத்துக் கந்தோருக்குள் நுழைந்து, படத்தை மதிக்காமல் கட்டுகிறவனுக்குப் படம் எதற்கு என்று ஆங்கிலத்தில் கத்தினேன். கந்தோர் முழுக்கத் தலை நிமிர்ந்தது. துரை அலுமாரியிலிருந்து சுருளை எடுத்து மேசையில் விரித்து, இரண்டு முனையிலும் புத்தகத்தைப் பாரம் வைத்தார்.

என்னுடைய மை. என்னுடைய இரண்டு எழுத்து. ஐந்து நடுச்சுவர்களும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றிருந்தன.

லயம் இப்படித்தானே இருக்கும், தனக்கும் பாஸுக்கும் இதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை என்றார் துரை. பாஸ் என்றது கொத்தனாரை. வெள்ளையடித்து முடிந்தது, இனி ஒரு கல்கூட வைக்கமுடியாது என்று சொல்லிச் சுருளைச் சுருட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பொய்யைத் தயார்செய்தேன். துரை படத்தை மாற்றிவிட்டார் என்று சொல்லிவிடலாம். துரையிடம் போய்க் கேட்க அவர்களில் எவனுக்குத் துணிவு வரும்? ஒரு வாரம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

சனிக்கிழமை அறைக்குள் போனபோது கரும்பலகையில் என் படத்தின் நீலப் பிரதி குத்தியிருந்தது. பாஸ் கையில் இருந்ததை அவன் கேட்டு வாங்கி வந்திருந்தான். ஏழு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இதுல நடுச்செவரு ஏன் சேர் கூரையில முட்டல?" என்று கேட்டான்.

வெளியே போ என்று வாய்வரை வந்தது. அவன் என்னைப் பேசவிடவில்லை.

"போட்ட கோட்டுலயே தெரியும்னு நீங்கதான சொன்னீங்க. எந்த லயம் சேர்?"

இரும்புக்கடையில் யாரோ ஆணியைத் தட்டில் கொட்டும் சத்தம் கீழே கேட்டது. அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் தாங்கமுடியவில்லை.

"திம்புள்ளப் பக்கம்" என்றேன். பதினைந்து வருடமாகப் பூட்டிவைத்த பேச்சு தானாக வந்தது. "மேட்டுல இருக்கிற மேக்கணக்கு லயம். நாலாங் காம்பரா. எங்கப்பா தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுனவரு."

ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நாளைக்கு வாங்க" என்றான் அவன். "தேயிலப் பொட்டிப் பலகை சேத்து வச்சிருக்கேன். ஆணியடிக்கத் தெரியும்ல?"

போனேன். மற்ற ஆறு பேரும் வந்தார்கள். சுவருக்கு மேலே சட்டம் நிறுத்தி, கூரைச் சரிவுக்குப் பலகையை அறுத்து, வீடு வீடாக அடைத்தோம். யாரும் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. சுத்தியலைக் கேட்டால் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவது ஞாயிறு அவன் வீட்டின் ஒரு பக்கச் சுவரை முடித்து, மறுபக்கச் சுவரின் கடைசிப் பலகைக்காக நான் ஏணியில் நின்றபோது அவள் பெட்டியோடு வந்தாள். சின்ன உருவம். இந்த முறை உள்ளே வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணை, முடித்த சுவருக்கு அந்தப் பக்கம் போய் ஏதாவது மெதுவாகப் பேசச் சொன்னாள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இவருதான் படம் போட்ட சேரா?"

"ஆமா" என்றான் அவன்.

"அந்தக்கா புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லுது. அம்புட்டும் கேக்குதுங்க சேர். ஒங்களுக்குக் கேக்கலயா?"

காதைக் கொடுத்துக் கேட்டேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த முணுமுணுப்பு பிறந்ததிலிருந்து என் காதில் இருந்தது. எனக்கு அதுதான் அமைதி.

"கேக்கலம்மா" என்றேன்.

"அப்ப நீங்களே குடியிருங்க" என்றாள்.

பெட்டியை அவள் கீழே வைக்கவே இல்லை. அவன் என்னையும் பலகையையும் ஒருமுறை பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் ரோட்டுக்கு இறங்கிப் போனான். அந்த வீட்டுக்கும் அவன் திரும்பி வரவில்லை, என் வகுப்புக்கும் வரவில்லை. நான் ஏணியில் நின்றபடி மிச்சப் பலகையை அடித்து முடித்தேன்.