செம்புக் குடத்தில் வெட்டிய கேஸ்கெட்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில், காஜா பெராங்கில், எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. ஊருக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து என் மாமனார் வாங்கியது. நான்கு கதவு, கறுப்பு நிறம், வாங்கும்போதே வயதான வண்டி. மாமனார் போன பிறகு என் கணவர்தான் அதை ஓட்டினார். சண்டைக்கு முன்னால் கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் குடும்பத்தோடு அதில் போவோம்.

ஜப்பான்காரன் வந்ததும் நல்ல கார்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனார்கள். எங்களுடையதைப் பார்த்துவிட்டு, வண்டியையும் ஓட்டுகிறவரையும் சேர்த்து உணவுப் பங்கீட்டு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்த ஜப்பான் அதிகாரியை ஆலோர் காஜா, ஜாசின் பக்கம் நெல்லும் மரவள்ளியும் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவது என் கணவரின் வேலை. கையில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைத் துணிப்பட்டை கொடுத்தார்கள். அது கையில் இருக்கும்வரை அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்ப மாட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேரை லாரியில் ஏற்றியிருந்தார்கள். அதில் ஒருவர் சாப்பிட உட்கார்ந்திருந்தவர். கை கழுவக்கூட விடவில்லை.

ஆகவே அந்த எஞ்சின் ஓடினால்தான் அவர் எங்களோடு இருப்பார் என்று ஆகிவிட்டது. எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத நான், காலையில் அவர் வண்டியைக் கிளப்பும்போது அடுப்படியில் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலை வண்டியின் பின்னால் வெள்ளையாகப் புகை வந்தது. அவர் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி என்னிடம் காட்டினார்.

"இங்க பாரு, எண்ணெ பால் ஊத்தின டீ மாதிரி இருக்கு."

"அப்படின்னா?"

"தண்ணி உள்ள இறங்குது. கேஸ்கெட் போச்சு."

எஞ்சினுக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்குமாம். அது எரிந்துபோனால் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாகிவிடுமாம். அவ்வளவு பெரிய வண்டி அப்படி ஒரு தகட்டை நம்பித்தான் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

டவுனில் ஒரு தமிழ்ப் போமன் இருந்தார். கார் பழுது பார்ப்பவர்.

"அண்ணே, கப்பலே வராத காலத்துல கேஸ்கெட்டுக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

கடைசியில் அட்டையை வெட்டி, பெயிண்ட் பூசி, உள்ளே வைத்து முடுக்கினார். கூலிக்கு ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு வேண்டாம், துணி வேண்டும் என்றார். என் கல்யாணப் புடவையைக் கொடுத்தோம். அட்டை ஒன்பது நாள் தாங்கியது. இரண்டாவது முறை நாங்கள் ஒளித்து வைத்திருந்த அரிசியைக் கேட்டார். கைக்குழந்தைக்குக் கஞ்சி வைக்க என்று மறைத்து வைத்த அரிசி அது. அதையும் கொடுத்தோம். அந்த அட்டை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. போமன்மேல் குற்றமில்லை, அவரும் என்ன செய்வார்!

தெங்கேராவில் ஒரு சீனர் வாளி, விளக்கு, தகரச் சாமான்களுக்கு ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். செம்புத் தகடு கிடைத்தால் அவர் வெட்டித் தருவார் என்று யாரோ சொன்னார்கள். செம்புக்கு எங்கே போவது? என் கணவர் என்னைக் கேட்கவில்லை. சமையலறை மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் அம்மா வீட்டிலிருந்து வந்த குடம்.

"எடுத்துக்கிட்டுப் போங்க," என்றேன். "நானும் வரேன்."

அந்தச் சீனர் அதிகம் பேசாத மனிதர். குடத்தைக் கையில் வாங்கி, விரலால் தட்டி, என் முகத்தைப் பார்த்தார். "உண்மையாகவா?" என்று மலாயில் கேட்டார். நான் தலையாட்டினேன். குடத்தின் வயிற்றை அறுத்து விரித்தார். தட்டித் தட்டித் தட்டையாக்கினார். சிவக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார், அப்போதுதான் செம்பு இளகுமாம். பழைய கேஸ்கெட்டை மேலே வைத்து, ஒவ்வொரு துளையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். உள்ளேயிருந்து அவர் மனைவி எனக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள். இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெய் மட்டும் கூலியாக வாங்கிக்கொண்டார். வெட்டிய மிச்சச் செம்பையும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

மூன்று வாரம் வண்டி நன்றாக ஓடியது. வெள்ளைப் புகை இல்லை. என் கணவர் வீட்டில் பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

பிறகு ஆலோர் காஜா சாலையில், நல்ல மழையில், அதிகாரி பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எஞ்சின் நின்றுபோனது. அதிகாரி மழையில் இறங்கி நிற்க வேண்டியதாயிற்று. அங்கேயே என் கணவரை அறைந்தார். ஒரு ராணுவ லாரி வந்து காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது.

மறுநாள் சாயங்காலம் அவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். கையில் பட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. முகம் வீங்கியிருந்தது.

"வண்டி?"

"அவ்வளவுதான். மேல் மூடியே விரிசல் விட்டுருச்சு. இனிமே லாரி ஓட்டணுமாம்." தண்ணீர் கேட்டுக் குடித்தார். "செம்பு மட்டும் அப்படியே இருந்துச்சு. பட்டறையில ஜப்பான்காரனுங்க அதைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தானுங்க. யாரு வெட்டினதுன்னு கேட்டானுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்தான்னு சொன்னேன். அப்படின்னா இன்னொண்ணு வெட்டிக் காட்டுன்னு தகடும் கத்தரியும் கையில குடுத்தான். எனக்கு வரல. அறைஞ்சானுங்க." டம்ளரைத் தரையில் வைத்தார். "சொல்லிட்டேன்."

அப்போது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இவரைச் சயாமுக்கு அனுப்பவில்லையே என்ற நிம்மதி. அதற்குப் பிறகுதான் அந்தச் சீனரின் முகம் வந்தது. சீனர்களை அவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பது மலாக்காவில் எல்லோருக்கும் தெரியும்.

விடிந்ததும் என் கணவர் சைக்கிளில் தெங்கேராவுக்கு ஓடினார், அந்த மனிதரை எங்காவது ஒளிந்துகொள்ளச் சொல்லலாம் என்று. அதற்கு முன்பே லாரி வந்து போயிருந்தது. உளி, கத்தரி, சுத்தியலையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்களாம். சிங்கப்பூரில் பட்டறை வேலைக்கு என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நிச்சயமாகத் தெரியாது என்றும் அவரே சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் தனியாகப் போனேன். அந்தச் சீனரின் மனைவி கடையில் தனியாக உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, அதே முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உன் வீட்டுக்காரர் ஜப்பான் ஆபீசில்தானே இருக்கிறார்?" என்று மலாயில் கேட்டாள். "என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுச் சொல்லச் சொல்லேன். செய்தி வந்தால் போதும்."

நான் முக்காலியில் உட்கார்ந்தேன்.

"கேட்கச் சொல்கிறேன்," என்றேன்.

அவர் கேட்கத்தான் செய்தார். முதல் முறை யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது முறை சிரித்தார்கள். மூன்றாவது முறை அறைந்து, இன்னொரு தடவை கேட்டால் பட்டையைப் பிடுங்கிவிடுவோம் என்றார்கள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேளுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு முறை அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு முறையும் வாசலுக்கே வந்து என் முகத்தைப் பார்ப்பாள். செய்தி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன கீரையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். என் கணவர் அவரைப் பற்றிச் சொன்னதால்தான் கொண்டுபோனார்கள் என்று நான் சொல்லவேயில்லை.

ஜப்பான்காரன் சரணடைந்து சில மாதங்கள் கழித்துப் போனபோது கடை பூட்டியிருந்தது. மூவாரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார் பக்கத்துக் கடைக்காரர். அந்தச் சீனர் திரும்பி வந்தாரா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று என் கணவர் ஒரே ஒரு முறை கேட்டார். அவ்வளவையும் சொல்ல எனக்கு மலாய் போதாது என்றேன். அது பொய். போதும். சொல்லத் தெரியும்.